பணம் வேண்டும் என்று எழுதலாமா?

"மொதல்ல சீட்டை வாங்குவோம் மச்சான். காசைப் பத்தி அப்புறம் பேசிக்கிருவோம். இப்பவே உதவி வேணும்னு எழுதுனா சீட்டே தரமாட்டாய்ங்க."

திருவாதவூரில் ஒரு வீட்டை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். வாசலில் ஒரு குட்டியானை வண்டி நிற்கிறது. அதை ஓட்டுவது அப்பா. பெரியாறு கால்வாயில் தண்ணீர் வந்தால் இரண்டு ஏக்கரில் நெல் போடுவார். அம்மா மேலூரில் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிறார். மகள் அரசுப் பள்ளியில் ப்ளஸ் ஒன். கணக்கு என்றால் சோறு தண்ணி வேண்டாம். அமெரிக்காவில் சில கல்லூரிகள் ஏழைப் பிள்ளைகளின் மொத்தச் செலவையும் தாங்களே ஏற்றுக்கொள்கின்றன என்று கணக்கு டீச்சர் ஒருநாள் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சு.

மேலே உள்ள யோசனையைச் சொன்னவர், ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து வந்த தாய்மாமன். நாலு இடம் போய் வந்தவர், விவரம் தெரிந்தவர். அவர் பேசிய விஷயம் விண்ணப்பப் படிவத்தில் வருகிற ஒரு சின்னக் கேள்வி: 'நிதி உதவிக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்களா?' பக்கத்தில் இரண்டே கட்டங்கள். ஆம், இல்லை. இந்த ஒரு டிக், நான்கு வருடப் படிப்பின் தலையெழுத்தையே மாற்றக்கூடியது.

மாமா சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் அது ஆபத்தானது.

அமெரிக்கக் கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும்போது இரண்டு விதமாக நடந்துகொள்கின்றன. சில கல்லூரிகளில், மாணவரைத் தேர்வு செய்கிற அறைக்குள் பணப் பேச்சே நுழையாது. பிள்ளை எப்படிப் படிக்கிறது, என்ன எழுதியிருக்கிறது, ஆசிரியர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை மட்டும் பார்த்து முடிவு செய்துவிட்டு, அதற்குப் பிறகுதான் 'இந்த வீட்டால் எவ்வளவு கட்ட முடியும்' என்று கணக்குப் போடுவார்கள். இதற்கு ஆங்கிலத்தில் 'நீட்-ப்ளைண்ட்' என்று பெயர். நீட் என்றதும் வயிற்றைக் கலக்க வேண்டாம், இது அந்த நீட் இல்லை. தேவை என்று அர்த்தம். தேவையைப் பார்க்காமல் தேர்வு செய்வது.

மற்ற கல்லூரிகளில் கதை வேறு. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு உதவி செய்ய இந்த வருடம் இவ்வளவு பணம் என்று ஒரு தொகையை ஒதுக்கி வைத்திருப்பார்கள். உதவி கேட்கிற பிள்ளைகள் எல்லோரும் அந்த ஒரு உண்டியலுக்குள்தான் அடங்க வேண்டும். இரண்டு பிள்ளைகள் சமமாக இருந்து, ஒருவர் முழுப் பணமும் கட்டத் தயார், இன்னொருவர் கட்ட முடியாதவர் என்றால், கட்ட முடிந்தவருக்குக் கதவு சீக்கிரம் திறக்கும். அமெரிக்கக் கல்லூரிகளில் மிகப் பெரும்பாலானவை, வெளிநாட்டவர் விஷயத்தில் இந்த ரகம்தான். பெயர்பெற்ற ஸ்டான்ஃபோர்டு கூட அமெரிக்கப் பிள்ளைகளிடம் வசதியைப் பார்ப்பதில்லை, வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் பார்க்கிறது.

ஆக, மாமா சொன்னதில் தப்பில்லையே என்று தோன்றும். 'இல்லை' என்று டிக் அடித்தால் சீட்டுக் கிடைக்கிற வாய்ப்பு கூடத்தான் செய்யும். கிடைத்த பிறகுதான் வினை. வசதியைப் பார்த்துத் தேர்வு செய்கிற பல கல்லூரிகளில், வெளிநாட்டு மாணவர் விண்ணப்பிக்கும்போதே உதவி கேட்காவிட்டால், பிறகு எந்த வருடமும் கேட்க முடியாது. ஸ்டான்ஃபோர்டிலும் அப்படித்தான். அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயா, எங்களுக்கு வசதி இல்லீங்க" என்று எழுதினால், மரியாதையான பதில் வரும், பணம் வராது. பணம் இல்லாமல் விசாவும் வராது. ஏனென்றால் விசாவுக்குக் கல்லூரி தருகிற ஐ-20 என்ற தாளை வாங்கவே, முதல் வருடச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்டியாக வேண்டும். அந்தச் செலவு எவ்வளவு? ஹார்வர்டு, எம்.ஐ.டி. மாதிரி இடங்களில் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 85 ஆயிரம் டாலரைத் தாண்டும். நம் பணத்தில் 70 லட்சத்துக்கு மேல். குட்டியானையை விற்று, இரண்டு ஏக்கரையும் விற்றாலும் நான்கு வருடத்துக்கு எங்கே போவது?

அப்படியானால் தேவையைப் பார்க்காமல் வெளிநாட்டுப் பிள்ளைகளைத் தேர்வு செய்து, தேவைப்படும் முழுத் தொகையையும் கொடுக்கிற கல்லூரிகள் எத்தனை? பத்துக்குப் பக்கம்தான். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் ஆகியவை பழையவை. 2022-ல் டார்ட்மவுத்தும் பௌடனும் சேர்ந்தன. 2024-25 வாக்கில் பிரவுனும் நோட்ர டேமும் வந்தன. இவற்றில் சில தருகிற உதவி பிரமிக்க வைக்கும். வருட வருமானம் ஒரு லட்சம் டாலருக்குள் இருக்கிற குடும்பம் எதுவும் கட்ட வேண்டாம் என்று ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் 2025-26 முதல் வைத்திருக்கின்றன. பிரின்ஸ்டனில் அந்த வரம்பு ஒன்றரை லட்சம் டாலர். திருவாதவூர் வீட்டின் வருமானம் அதில் ஒரு ஓரத்துக்குக்கூட வராது.

இதைக் கேட்டு அப்பத்தா, "பெறகென்ன, அங்கனயே போட்டுவிட வேண்டியதுதானே" என்று சொல்லிவிடலாம். ஆனால் ஹார்வர்டில் நூறு பேர் விண்ணப்பித்தால் ஐந்து பேருக்குக்கூட இடம் கிடையாது. எம்.ஐ.டி.யில் வெளிநாட்டு விண்ணப்பதாரர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவுதான். பணத்தைப் பார்க்காத கதவு, படிப்பைப் பார்ப்பதில் ரொம்பக் கறார். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிற பிள்ளைகள்தான் அந்த வரிசை முழுக்க நிற்பார்கள். அதனால் இந்தப் பட்டியலோடு, வசதியைப் பார்க்கிற, ஆனால் சேர்த்துக்கொண்டால் முழுத் தேவையையும் கொடுத்துவிடுகிற சிறிய கல்லூரிகள் நாலைந்தையும் சேர்த்துக்கொள்வதே நடைமுறை. அங்கேயும் 'ஆம்' என்றுதான் டிக். வாய்ப்பு குறையும், தெரிந்தேதான். பணமில்லாமல் கிடைக்கிற சீட்டைவிட, கிடைக்காத சீட்டில் நஷ்டம் குறைவு. விண்ணப்பக் கட்டணம் மட்டும்தான் போகும். அதையும் மிச்சம் பிடிக்க வழி உண்டு. எம்.ஐ.டி.க்குக் கட்டணம் 75 டாலர். கட்ட முடியாத குடும்பம் என்று காரணம் காட்டித் தள்ளுபடி கேட்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை, கேட்கிற பிள்ளைகள் ஏராளம்.

இனி, இந்த மாதிரி வீடுகள் உண்மையில் தடுமாறுகிற இடத்துக்கு வருவோம். காகிதம்.

உதவி கேட்கிற குடும்பத்திடம் பல கல்லூரிகள் 'சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல்' என்ற நீண்ட படிவத்தைக் கேட்கும். அப்பா சம்பளம், அம்மா சம்பளம், சேமிப்பு, கடன், வீடு, நிலம், வண்டி, வீட்டில் எத்தனை பேர், பாட்டியைப் பார்த்துக்கொள்கிற செலவு வரை கேள்வி வரும். ரூபாயிலேயே எழுதலாம், டாலராக மாற்றித் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். ஆனால் எழுதியதற்கெல்லாம் சான்று கேட்பார்கள். மாதச் சம்பளக்காரர் வீட்டில் படிவம் பதினாறும் வருமான வரிக் கணக்கும் இருக்கும். லோடு வண்டி ஓட்டுகிறவரிடம் என்ன இருக்கும்? கையில் வாங்குகிற வாடகை, கையிலேயே போகிற டீசல். நெல் விற்ற பணம் ஒரு வருடம் வங்கிக்கு வரும், ஒரு வருடம் நேரே உரக்கடைக் கடனுக்குப் போகும்.

இங்கேதான் ஒரு முள். இ-சேவை மையம் வழியாகத் தாசில்தாரிடம் வாங்கி வைத்த வருமானச் சான்றிதழ் ஒன்று பீரோவில் இருக்கும். ஏதோ ஒரு நலத்திட்டத்துக்கு வாங்கியது. அதில் ஒரு தொகை. வங்கிப் பாஸ்புக்கைப் புரட்டினால் வருடத்தில் வந்துபோன பணம் அதைவிட மூன்று மடங்கு. யாரும் திருடவில்லை. வாடகையாக வந்து டீசலாகவும் தவணையாகவும் போன பணம் அது. ஆனால் பாஸ்டனில் உட்கார்ந்து படிக்கிற அதிகாரிக்கு அது எப்படித் தெரியும்? இரண்டு தாளும் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன என்றுதான் தெரியும். அதற்கு மருந்து, ஒரு பக்கக் கடிதம். வண்டி வாடகை மாதம் இவ்வளவு, டீசல் இவ்வளவு, தவணை இவ்வளவு, நெல்லில் நல்ல வருடம் இவ்வளவு, தண்ணீர் வராத வருடம் பூஜ்யம் என்று அப்பாவே சொல்லி மகள் எழுதி, அப்பா கையெழுத்துப் போட்ட கடிதம். அம்மாவின் கடை முதலாளி லெட்டர்ஹெட்டில் ஒரு சம்பளச் சான்று. வருமான வரி கட்டுகிற அளவுக்கு வருமானம் இல்லை என்றால், அதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். எல்லா நாட்டிலும் கணக்கு எழுதாமல் உழைக்கிற ஜனங்கள் உண்டு என்பது அந்த அதிகாரிகளுக்குத் தெரியாத விஷயம் இல்லை.

'கொஞ்சம் குறைத்துக் காட்டினால் என்ன?' என்ற கேள்வி இந்த இடத்தில் எட்டிப் பார்க்கும். கூட்டிக் காட்டுவதும் அதே தப்புதான். 2024-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லீஹை பல்கலைக்கழகத்தில் நடந்தது இது. 19 வயது இந்திய மாணவர் ஒருவர் முழு உதவியோடு சேர்ந்திருந்தார். மதிப்பெண் தாள், வருமானத் தாள் எல்லாம் போலி. உயிரோடு இருக்கிற அப்பாவுக்கு இறப்புச் சான்றிதழ் வேறு தயாரித்துக் கொடுத்திருந்தார். எப்படி மாட்டினார் தெரியுமா? பெயர் சொல்லாமல் இணையத்தில் தானே பெருமையாக எழுதியதை வேறு யாரோ படித்து, எந்தக் கல்லூரி என்று துப்புத் துலக்கிச் சொல்லிவிட்டார்கள். கைது, வழக்கு, குற்றத்தை ஒப்புக்கொண்டு ஊர் திரும்பியாயிற்று.

திருவாதவூர்க்காரர்களுக்கு இது புதுக்கதை இல்லை. இந்த ஊர்ப் பிள்ளைதான் மாணிக்கவாசகர். குதிரை வாங்கிவர பாண்டியன் கொடுத்த பணத்தைத் திருப்பெருந்துறையில் சிவப்பணிக்குச் செலவிட்டு, கணக்குக் கேட்ட அரசனிடம் அவர் பட்ட பாடு ஊரறிந்தது. நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்து, ராத்திரியில் மறுபடி நரிகளாகி ஊளையிட்ட கதையைச் சின்னப் பிள்ளையும் சொல்லும். அங்கே காப்பாற்ற இறைவனே வந்தார். போலித் தாள்களின் ஊளைக்கு அப்படி யாரும் வர மாட்டார்கள். அதுவும் மாணவர் தெரியாமலே நரி கைக்கு வருவதும் உண்டு. 2023-ல் கனடாவில் பஞ்சாப் மாணவர்கள் பலர் நாடு கடத்தப்படும் நிலைக்கு வந்தார்கள். ஏஜென்ட் கொடுத்த கல்லூரி அனுமதிக் கடிதமே போலி என்று வருடங்கள் கழித்துத் தெரிந்தது. அதனால் ஏஜென்ட் மூலம் போனாலும், கல்லூரியின் சொந்த இணையதளத்தில் தன் பெயரில் தானே கணக்குத் திறந்து, கடவுச்சொல்லைத் தானே வைத்துக்கொண்டு, கடிதம் அங்கே இருக்கிறதா என்று பிள்ளையே பார்த்துவிட வேண்டும். கடவுச்சொல்லைத் தர மறுக்கிற ஏஜென்ட்டுக்கு அந்த நிமிடமே கும்பிடு போட்டுவிடலாம்.

ப்ளஸ் டூ முடித்துப் போவதுதான் வழி என்றும் இல்லை. தமிழ்நாட்டு அரசு மாதிரிப் பள்ளிகளில் படித்துத் தைவான் போன்ற நாடுகளுக்கு முழு உதவித்தொகையோடு போன பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களின் முதல் விமானப் பயணச் செலவை மாநில அரசே ஏற்றது. ஆனால் பணத்தைப் பொறுத்தவரை, இங்கே ஒரு டிகிரி முடித்துவிட்டுப் போகிறவர்களுக்குத்தான் கதவு அகலம். இந்த வீட்டில் அதற்கும் ஓர் ஆள் உண்டு. பெரியப்பா மகன். மதுரையில் பி.இ. முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று நிற்கிறான்.

அவனைப் போன்றவர்கள் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது எம்.எஸ்.ஸையும் பிஎச்.டி.யையும். அமெரிக்காவில் எம்.எஸ். பெரும்பாலும் சொந்தக் காசு, அதாவது கடன். பிஎச்.டி. என்றால், நல்ல பல்கலைக்கழகங்களில் கட்டணத்தைத் தள்ளிவிட்டு மாத உதவித்தொகையும் தருவார்கள். பதிலுக்கு வகுப்பெடுக்க வேண்டும், ஆய்வகத்தில் வேலை செய்ய வேண்டும். விஷயம் தெரியாமல் எம்.எஸ்.ஸுக்கு 40 லட்சம் கடன் வாங்குகிற, பிஎச்.டி.க்குத் தகுதியான பிள்ளைகள் நிறைய. 2025-ல் ஆராய்ச்சிப் பணம் வெட்டப்பட்டதால் பல பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி. இடங்களைக் குறைத்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே ஆண்டு மே மாதக் கடைசியில் தொடங்கி மூன்று வாரம்போல, மாணவர் விசாவுக்குப் புதிய நேர்காணல் தேதி கொடுப்பதையே அமெரிக்கத் தூதரகங்கள் நிறுத்தி வைத்தன. ஒரே நாட்டை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்று அப்போது பலருக்குப் புரிந்தது.

ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவராக மதம் மாறிய ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இருக்கிறது. வெளிநாட்டில் முதுகலை, பிஎச்.டி. படிக்க, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால் வருடத்துக்கு 36 லட்சம் ரூபாய் வரை. 8 முதல் 12 லட்சம் என்றால் 24 லட்சம் வரை. இது கடன் இல்லை, திருப்பித் தர வேண்டாம். திட்டத்துக்கு அம்பேத்கர் பெயர் வைத்தது சும்மா இல்லை. 1913-ல் பரோடா மன்னர் கொடுத்த மாதம் பதினொன்றரைப் பவுண்டு உதவித்தொகையில்தான் அவர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1917-ல் உதவித்தொகைக் காலம் முடிந்ததும், லண்டனில் தொடங்கியிருந்த படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டி வந்தது. மறுபடி போக 1920 ஆனது. உதவித்தொகை கிடைப்பது ஒரு பாடு, அது கடைசி வரை வருவது இன்னொரு பாடு.

அந்த இரண்டாவது பாடு இன்றைக்கும் இருக்கிறது. மத்திய சமூக நீதித் துறையின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைத் திட்டத்தில் வருடத்துக்கு 125 இடங்கள். பெரும்பகுதி பட்டியல் சாதியினருக்கு. சீர்மரபினருக்கும் நாடோடி இனத்தவருக்கும் 6. நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகளுக்கு 4. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், வயது 35-க்குள், உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் வருகிற பல்கலைக்கழகத்தில் நிபந்தனையில்லாத அனுமதி இருக்க வேண்டும். கட்டணம் போக, வாழ்க்கைச் செலவுக்கு பிரிட்டனில் வருடத்துக்கு 9,900 பவுண்டு, மற்ற நாடுகளில் 15,400 டாலர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2025-ல் தேர்வான 106 பேரில் 40 பேருக்குத்தான் முதலில் கடிதம் வந்தது. மற்றவர்களுக்கு, நிதி இருந்தால் தரப்படும் என்று பதில். கல்லூரி திறக்க இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு ஏழைப் பிள்ளையிடம் 'பணம் இருந்தால் தருகிறோம்' என்று சொல்வது என்ன நியாயம்? இன்னொன்று, இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு 2022 முதல் இந்தத் திட்டத்தில் இடம் இல்லை. தன் ஊரையும் தன் மக்களையும் பற்றி வெளிநாட்டில் ஆராய நினைக்கிற பிள்ளை வேறு வழிதான் பார்க்க வேண்டும். பொறியியல் படித்த பையன்களுக்கு இது உறைக்காது. வரலாறு படிக்கிற பிள்ளைகள் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

இந்தத் திட்டங்களுக்குள் வராத பிள்ளைகள் ஜெர்மனி பக்கம் திரும்புகிறார்கள். அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் படிப்புக் கட்டணம் கிடையாது. விதிவிலக்கும் உண்டு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பியர் அல்லாதவர்கள் அரையாண்டுக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்தில் தொடங்கி, படிப்பைப் பொறுத்து அரையாண்டுக்கு 2,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குகிறது. மற்ற இடங்களில் 'ஃப்ரீ' என்றதும் கிளம்பிவிட முடியாது. ஒரு வருடச் சாப்பாட்டுச் செலவுக்கென்று 11,904 யூரோவை ஒரு முடக்கப்பட்ட கணக்கில் போட்டுக் காட்டினால்தான் விசா. நம் பணத்தில் சுமார் 12 லட்சம். அங்கே போன பிறகு மாதம் 992 யூரோ வீதம்தான் அதிலிருந்து எடுக்க முடியும். போதாக்குறைக்கு ஏ.பி.எஸ். என்ற சான்றிதழ் சரிபார்ப்பு, கட்டணம் 18 ஆயிரம் ரூபாய். இதற்கு மாதக்கணக்கில் முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும்.

இந்த 12 லட்சத்துக்காகத்தான் அப்பாக்கள் வங்கி வாசலில் நிற்கிறார்கள். கல்விக் கடன் ஏழரை லட்சம் வரை சொத்துப் பிணை இல்லாமல் கிடைக்கும். அதற்கு மேல் போனால் பொதுவாகப் பிணை கேட்பார்கள். "ரெண்டு ஏக்கர் நெலம் இருக்கு சார், பத்திரத்தை வச்சுக்குங்க" என்பார் பெரியப்பா. மேனேஜர் தலையை ஆட்டுவார். காரணம் அவர் மனது இல்லை, 2002-ம் ஆண்டு சர்ஃபாசி சட்டம். கடன் வராவிட்டால் கோர்ட்டுக்குப் போகாமல் சொத்தை எடுக்க வங்கிக்கு அந்தச் சட்டம் அதிகாரம் கொடுக்கிறது, விவசாய நிலத்தை மட்டும் விலக்கி வைத்திருக்கிறது. விவசாயியின் நிலத்தைக் காப்பாற்றுகிற அதே விதிதான், அவர் மகனின் கல்விக் கடனுக்கு அந்த நிலம் உதவாமல் செய்கிறது. பெரியாறு பாசனத்தில் எவ்வளவு பொன் விளைந்தாலும் வங்கிக்கு அது பிணையில்லை. வீடோ மனையோ காட்ட வேண்டும், இல்லையென்றால் பெரிய தரவரிசைப் பல்கலைக்கழகம் என்பதை நம்பிப் பிணையில்லாமல் தருகிற வங்கித் திட்டங்களைத் தேட வேண்டும். வெளிநாட்டுப் படிப்பு என்றால் செலவில் 15 சதவீதம் குடும்பம் போட வேண்டும் என்பதையும் முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதற்குள் ஊரில் ஒருவர் வந்து, "கணக்குல பணம் காட்டணும்னா நான் வட்டிக்குத் தர்றேன், காட்டிட்டு எடுத்துக் குடுத்துருங்க" என்பார். பிரிட்டன் விசாவுக்கு 28 நாள் கணக்கில் பணம் இருக்க வேண்டும் என்பது தெரிந்தவர்கள் இவர்கள். விசா வந்துவிடும். 29-ம் நாள் பணம் போய்விடும். போய் இறங்கிய ஊரில் முதல் மாத வாடகைக்கு அந்தப் பையன் என்ன செய்வான் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

பிள்ளை போன பிறகு வீடு எப்படி ஓடும் என்பதும் செலவுக் கணக்கில் வர வேண்டிய விஷயம். 1914-ல் ராமானுஜன் கேம்பிரிட்ஜ் போனபோது சென்னைப் பல்கலைக்கழகம் கொடுத்தது வருடத்துக்கு 250 பவுண்டு. அதில் 50 பவுண்டு இங்கே குடும்பத்துக்கு என்று ஒதுக்கப்பட்டது. ட்ரினிட்டி கல்லூரி தன் பங்குக்கு 60 பவுண்டு சேர்த்தது. சம்பாதிக்கிற வயதுப் பையன் கிளம்பினால் வீட்டு அடுப்பு என்னாவது என்று அன்றைக்கு யாரோ யோசித்திருக்கிறார்கள். இன்றைய உதவித்தொகை விதிகளில் அந்த வரியைத் தேடினாலும் கிடைப்பதில்லை.

திருவாதவூர் வீட்டில் மாமா இன்னும் கிளம்பவில்லை. மகள் போனில் கல்லூரிகளின் பக்கங்களைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். வெளிநாட்டு மாணவர், நிதி உதவி என்று இருக்கிற இடத்தில், 'விண்ணப்பிக்கும்போது கேட்காவிட்டால் பிறகு கேட்க முடியாது' என்ற வரியைத் தமிழில் சொன்னாள். மாமா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா தாயி" என்றார்.

"நீங்க எங்க மாமா பேச விட்டீங்க?"

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "சரி, ஆமான்னே போடு. அந்தக் கடுதாசியில என்னென்ன எழுதணும்?"

விண்ணப்பத்துக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. முதல் சுற்றுக்கு நவம்பர் 1, அடுத்த சுற்றுக்கு ஜனவரி முதல் வாரம் என்பது பல கல்லூரிகளின் கெடு. முடிவு வருவது மார்ச் கடைசி, ப்ளஸ் டூ பொதுத்தேர்வு நேரம். ஆங்கிலத் தேர்வை ஐ.இ.எல்.டி.எஸ். ஆக எழுதினால் 18 ஆயிரம் ரூபாய் அளவில் செலவு. டுவோலிங்கோ என்றால் வீட்டிலிருந்தே 70 டாலர் அளவில் முடியும், பல கல்லூரிகள் ஏற்கின்றன. எஸ்.ஏ.டி. தேர்வையும் எம்.ஐ.டி., ஹார்வர்டு போன்றவை மறுபடி கட்டாயமாக்கிவிட்டன. இவையெல்லாம் மகள் தலையில்.

அப்பா தன் பங்குக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, குட்டியானையின் டாஷ்போர்டில் போட்டிருக்கிறார். திங்கட்கிழமை முதல் பக்கத்தில் மேலூர் சந்தைக்குப் போன வாடகை, அதற்கு எதிரே டீசல். செவ்வாய்க்கிழமை வண்டி ஓடவில்லை என்று அதையும் எழுதியிருக்கிறார்.